ஒரு சின்னத் திருத்தமுங்க

வேலையில் சேர்ந்த முதல் நாளே நான் பத்து நிமிஷம் தாமதம். காரணம் நான் இல்லை. வேலம்பாளையத்தில் என்னை ஏற்றிக்கொண்டு முதலிபாளையம் நோக்கிப் போன கம்பெனி வேனை, பாதி வழியில் முன் சீட்டுப் பெண் ஒருவர் திருப்பச் சொன்னார். அவர் ஏறும்போது ஸ்டாப்பில் நின்ற ஒரு பெரியவர் சேவூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டிருக்கிறார். இவர் இந்தப் பக்கம் என்று கைகாட்டிவிட்டு ஏறிவிட்டார். அது எதிர்ப்பக்கம் என்று இப்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்று டிரைவர் முனகினார். உள்ளே இருந்த பதினாலு பேரும் அதைத்தான் நினைத்தோம்.

"சொல்லுவாங்க. ஆனா தப்பாச் சொன்னது நானுங்களே" என்றார் அவர்.

வேன் திரும்பியது. பெரியவர் தவறான பக்கத்தில் மஞ்சள் பையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். இவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏனுங்க, ஒரு சின்னத் திருத்தமுங்க" என்று ஆரம்பித்து, அவர் ரோட்டைக் கடந்து நிழலில் நிற்கும்வரை பார்த்துவிட்டுத்தான் போகச் சொன்னார். தொலைந்த கம்மல் கிடைத்தவரைப் போல முகம். தப்பை ஒத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் இவ்வளவு சந்தோஷப்படுகிறவரை அன்றுதான் பார்த்தேன்.

இது இரண்டாயிரத்து ஆறு வாக்கில். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டால், ஒன்று கல்யாண வீடாக இருக்க வேண்டும், இல்லை கலெக்டர் வந்திருக்க வேண்டும். இங்கே நாயை விரட்டும்போதுகூடப் போட்டுவிடுவார்களோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பனியன் துணிக்குச் சாயம் போட்டு, தைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டுக்காரர் கேட்டதும் நம் ஆட்கள் செய்ததும் ஒன்றுதான் என்று நிரூபித்துக்கொண்டே இருக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

வேனைத் திருப்பியவர் எங்கள் சாய லேபின் பொறுப்பாளர். எல்லாருக்கும் லேப் அக்கா. முப்பத்துமூன்று, முப்பத்துநாலு வயது இருக்கும். ஒல்லி, பெரிய கண்ணாடி, இன்னும் பெரிய சிரிப்பு. என்ன நிறம் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் அவருடைய நகக்கண்ணைப் பார்த்தால் போதும். கையுறை போட்டால் துணியின் ஈரம் தெரிவதில்லை என்பார்.

திருத்துவது அவருக்குத் தும்மல் மாதிரி, அடக்க முடியாது. மதியச் சாப்பாட்டில் புளிக்குழம்புப் பக்குவம் சொல்லிக்கொடுத்துவிட்டு, நான் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் செல்போனில் கூப்பிட்டு, வெந்தயம் ஒரு ஸ்பூன் இல்லை அரை ஸ்பூன் என்பார். அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம், பல தலைமுறையாக அந்தப் பக்கத்துக்காரர்கள். ஒரு ஞாயிறு ஆராதனையில் வேதவாசிப்பு அவருடைய முறை. வாசித்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு, முறை இல்லாதபோதும் மைக்குக்குப் போய், போன வாரம் வாசித்ததில் ஒரு பெயரை மாற்றி உச்சரித்துவிட்டதாகவும் சரியான உச்சரிப்பு இதுதான் என்றும் அறிவித்தார். பாதிரியார் பிறகு தனியாகக் கூப்பிட்டு, இதையெல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிப் பார்த்தாராம். அவர் பார்த்துக்கொள்வார், சபையாருக்கு யார் சொல்வது என்று இவர் கேட்டிருக்கிறார்.

அவருடைய கணவர் தனியார் பள்ளியில் பிடி மாஸ்டர். விசில் ஊதினால் ஊதினதுதான் என்பது அவர் கட்சி. ஊதினதில் தப்பு இருந்தால் இன்னொரு தடவை ஊதலாம் என்பது இவர் கட்சி. இப்படி எதிரும் புதிருமான இரண்டு பேர் அவ்வளவு சிரித்துக்கொண்டு ஒரு வீட்டில் இருந்ததை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

எனக்கு அந்தக் குணம் ஒரு தடவை நன்றாகவே உறைத்தது. குழந்தைகள் டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்று, கடல்பச்சை நிறம். உடம்புத் துணியும் கழுத்துப்பட்டித் துணியும் ஒரே ஷேடு என்று லேப் அக்கா பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். துணி வெட்டியாகிவிட்டது. மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து நின்றார். நகம் பச்சை.

"ஒரு திருத்தமுங்க கண்ணு" என்றார்.

ட்யூப் லைட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கடைகளில் போடுகிற மஞ்சள் விளக்கில் கழுத்துப்பட்டி மட்டும் பழுப்படிக்கிறது. அந்த விளக்கில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். நான் கெஞ்சினேன். மூன்று வயசுக் குழந்தையின் கழுத்தை யார் விளக்கடியில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அவர் எனக்காக வருத்தப்பட்டார், உண்மையாகவே. வருத்தப்பட்டுக்கொண்டே முதலாளி அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

கழுத்துப்பட்டித் துணி முழுக்க மறுபடி சாயம் போட வேண்டியதாயிற்று. கப்பல் போய்விட்டது. முதலாளி விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து கம்பெனி கட்டியவர், வேலைக்காரர்களைக்கூட வாங்க போங்க என்பவர். அன்று போட்ட சத்தத்தில் அந்த மரியாதையும் கூடவே இருந்தது. "என்னுங்க பண்ணி வெச்சிருக்கீங்க" என்று கத்தினார். ஒரு மாதம் லேப் அக்காவைக் கெமிக்கல் ஸ்டோரில் டப்பா எண்ண வைத்தார். அந்த ஒரு மாதமும் நான் அவரோடு பேசவில்லை. வேறு யார் பார்த்தாலும் ஷேடு சேரவில்லை என்று முதலாளியே திரும்பக் கூப்பிட்டார். லேபுக்குத் திரும்பிய அன்று அவர் எனக்கு அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்தார். கோபத்தைத் தொடர முடியாதபடி அதில் நெய் ஊற்றியிருந்தார்.

நட்சத்திர விஷயம் எனக்குத் தெரிய வந்தது அதற்குப் பிறகுதான். லேபில் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. நிறையப் புள்ளிகள், நடுவே வளைந்து போகிற கோடுகள். ஏதோ கலர் சார்ட் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டேன். கலர் சார்ட்தான் என்றார், துணியுடையது இல்லை, நட்சத்திரங்களுடையது.

பிசிக்ஸில் எம்.எஸ்சி. படித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேரமாகப் பி.எச்டி. பண்ணிக்கொண்டிருந்தார், அஞ்சு வருஷமாக. சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறுவார். தொலைநோக்கி எதையும் அவர் தொட்டதில்லை. உலகத்தில் யார் யாரோ அளந்து இணையத்தில் போட்டுவைத்த கணக்குகளை பிரவுசிங் சென்டரில் இறக்கி, சி.டி.யில் ஏற்றி, வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்ப்பார். அவர் ஆராய்ச்சி, ஒரே மேகத்திலிருந்து ஒன்றாகப் பிறந்த ஒரு இளம் நட்சத்திரக் கூட்டத்தின் வயதைக் கண்டுபிடிப்பது.

நட்சத்திரத்துக்கு எப்படி வயது பார்ப்பது என்று கேட்டேன். லேபில் ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் பார்த்திருக்கிறாய் அல்லவா என்றார். பின்னல் துணியில் அளவு குறித்து, துவைத்து, காயவைத்து, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். சுருக்கத்தை வைத்தே அது எத்தனை துவைப்பு கண்டது என்று அவரால் சொல்ல முடியும். பிறந்த புதிதில் நட்சத்திரமும் அப்படித்தானாம். பெரிதாக, ஊதிப்போய் இருக்கும். நாளாக ஆகச் சுருங்கும், சுருங்கச் சுருங்க வெளிச்சம் குறையும். நிறத்தைப் பார்த்தால் சூடு தெரியும், வெளிச்சத்தைப் பார்த்தால் அளவு தெரியும். இரண்டையும் தாளில் புள்ளியாக வைத்து, எந்த வயதுக் கோட்டின் மேல் விழுகிறது என்று பார்த்தால் முடிந்தது. அவருடைய கூட்டத்துக்கு ஐம்பது லட்சம் வருஷம் என்று வந்தது. நட்சத்திரத்துக்கு அது கைக்குழந்தை வயசு.

தீசிஸ் எழுதி முடித்த சமயம், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்குப் போய் எண்களைச் சரிபார்க்க உதவினேன். நான் ஒரு பட்டியலை உரக்க வாசிப்பேன், அவர் இன்னொன்றில் டிக் போடுவார். மாஸ்டர் பிரியாணி செய்வார். பெண்கள் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் இடம் காலியாக இருந்தது. பி.எச்டி. சமர்ப்பித்த கடிதத்தோடு வந்தால் அவருக்குத்தான் என்று ஏறக்குறைய சொல்லியே விட்டார்கள். சாயத்தில் ஊறாத நகத்தோடு பாடம் நடத்தப் போவதைப் பற்றி நாங்கள் நிறையக் கேலி பேசினோம்.

கடைசி ஞாயிறு. தீசிஸ் பைண்டிங் முடிந்து அலமாரியில் இருந்தது. பின்னிணைப்புக்காக ஒரு சி.டி. தயார் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு நட்சத்திரத்திலிருந்தும் எவ்வளவு எக்ஸ்ரே வருகிறது என்ற பட்டியலை நான் வாசித்தேன். அவர் எதிரே வயசுப் பட்டியலை வைத்திருந்தார். பத்துப் பதினைந்து வாசித்ததும், முதலிலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டே வந்து, சட்டென்று சிரித்தார்.

"மாட்டிக்கிச்சுங்க" என்றார்.

எக்ஸ்ரே அதிகமாக இருந்தால் அந்த நட்சத்திரத்தில் காந்தப்புலம் பலமாக இருக்கிறது என்று அர்த்தமாம். இளம் நட்சத்திரங்கள் வேகமாகச் சுழல்வதால் அந்தக் காந்தம் சூரியனைவிடப் பல மடங்கு. அவருடைய பட்டியலில் காந்தம் கூடக்கூட வயது குறைந்துகொண்டே வந்தது. ஒன்றாகப் பிறந்தவை எப்படி வெவ்வேறு வயதில் இருக்கும்? உள்ளே கொதித்துக் கொதித்துச் சூடு மேலே வரும் வழியைக் காந்தப்புலம் பிடித்து நிறுத்துகிறது. மேலே முகமெல்லாம் கரும்புள்ளிகள் விழுகின்றன. சூடு வெளியேற வழி குறைந்ததும் நட்சத்திரம் சுருங்காமல் ஊதியே நிற்கிறது, மேல்தோல் குளிர்ந்து சிவப்படிக்கிறது. தாளில் புள்ளி வைத்தால் இன்னும் பச்சைக்குழந்தை மாதிரி தெரிகிறது. சட்டம் போட்டு இழுத்துக் கட்டிய துணியைச் சுருக்கம் அளந்துவிட்டு, இது ஒரே ஒரு துவைப்புதான் கண்டது என்று எழுதிக்கொடுத்த மாதிரி என்றார். சூடான வெள்ளை நட்சத்திரங்களில் மேலே அந்தக் கொதிப்பு குறைவு. அவை மட்டும் கிட்டத்தட்ட ஒரு கோடி வருஷம் என்று காட்டிக்கொண்டிருந்தன. அளவுப் பிழை என்று நினைத்து அவற்றையெல்லாம் ஒரு பத்தியில் ஒதுக்கியிருந்தார்.

மாஸ்டர் பிரியாணித் தட்டுகளோடு வந்து, என்ன சிரிப்பு என்று கேட்டார். அக்கா ஒன்றுமில்லை என்றார். பிறகு அலமாரியைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவர் எதையும் திருத்தவில்லை. வேனில் என் தோழி ஒருத்தி தேதியைத் தப்பாகச் சொன்னாள், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கோயம்புத்தூருக்குப் போய்த் தீசிஸைச் சமர்ப்பித்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை லேப், கட்டிங், தையல் எல்லா செக்ஷனுக்கும் மைசூர்பாகு கொடுத்தார். முதலாளியே வெளியே வந்து வாழ்த்தினார். என் கையில் ஒரு துண்டை வைக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கழுத்துப்பட்டிக்காக ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தவள் நான். இப்போது அவர் ஒன்றும் சொல்லாததை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை. கல்லூரி வேலை அவருக்குக் கிடைக்க வேண்டும் என்றும் நான்தான் நினைத்தேன்.

புதன்கிழமை அவர் வேனில் இல்லை. வியாழக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நகம் சுத்தமாக இருந்தது.

"திருப்பி வாங்கீட்டு வந்துட்டனுங்க கண்ணு" என்றார்.

நடந்ததை வேன் முதலிபாளையம் சேர்வதற்குள் சொல்லி முடித்தார். தீசிஸ் இன்னும் தேர்வாளர்களுக்கு அனுப்பப்படவில்லை. பேராசிரியர் பொறுமையாகக் கேட்டாராம். கடைசி அத்தியாயத்தில் எதிர்கால ஆய்வு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாராம். தலைப்பிலேயே வயது இருக்கிறதே என்று இவர் கேட்டிருக்கிறார். அதற்குப் பேராசிரியர், தான் ஓய்வு பெற நாலு மாதம்தான் இருக்கிறது, பிறகு வேறு வழிகாட்டியைத் தேட வேண்டியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாஸ்டர் பள்ளிக்கு லீவு போட்டு வந்து, நாலு பிரதிகளையும் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டி, வழியில் எங்கேயும் நிறுத்தாமல் வீடு வந்து சேர்ந்தாராம். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்ததும், பசிக்கிறது என்று மட்டும் சொன்னாராம்.

"அம்பது லட்சம்னு எழுதிக் கொடுத்துட்டனுங்க. பாத்தா கிட்டத்தட்ட ஒரு கோடி" என்று அவர் முடித்தபோது டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். மதியத்துக்குள் தையல் செக்ஷன் முழுக்க, லேப் அக்கா குடும்பம் நில விஷயத்தில் ஒரு கோடி ஏமாந்துவிட்டது என்று பேச்சு. ஒரு டெய்லர் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது வருஷம், பணம் இல்லை என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. மைசூர்பாகை மட்டும் திருப்பிக் கேட்க முடியாதே என்று அவர் சிரித்தார்.

கல்லூரி வேலை இன்னொருவருக்குப் போனது. அந்தச் செய்தி வந்த அன்று லேபுக்குள் போனேன். குழாயடியில் ஒரு பீக்கரைக் கழுவிக்கொண்டிருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. நானும் பக்கத்தில் நின்று இன்னொரு பீக்கரை எடுத்துக் கழுவினேன்.

அப்புறம் இரண்டு வருஷம். புது வழிகாட்டி கிடைத்தார், அவருக்கு முதலில் இருந்து எல்லாம் விளக்க வேண்டியிருந்தது. கரும்புள்ளிகள் முகத்தில் எவ்வளவு பரவியிருந்தால் வயது எவ்வளவு மாறும் என்று அக்கா ஒவ்வொரு நட்சத்திரமாகக் கணக்குப் போட்டார். அது ஊரெல்லாம் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்கு ஓடி முடிவதற்குள் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் முதலாளியிடம் போய், ஜெனரேட்டர் இருப்பதால் ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் லேப் கம்ப்யூட்டரைத் தர முடியுமா என்று கேட்டார்.

"இதுனால நம்ம ஷேடுக்கு ஏதாச்சும் பிரயோசனம் உண்டுங்களா?" என்று முதலாளி கேட்டார்.

"இல்லீங்க."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, பண்ணுங்க" என்றார்.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் மாஸ்டரும் போனோம். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் எல்லாம் ஆங்கிலத்தில் போனது. எனக்குக் கால்வாசி புரிந்தது, மாஸ்டருக்கு அவர் மனைவியின் குரல் நடுங்குகிறதா இல்லையா என்பது மட்டும் புரிந்தது. நடுங்கவில்லை. கடைசி வரிசையில், ஓய்வு பெற்றுவிட்ட பழைய பேராசிரியர் குடையோடு வந்து உட்கார்ந்திருந்ததை நான் பாதியில்தான் கவனித்தேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், தமிழர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழிலேயே கடைசியாக ஒன்று கேட்டார். அப்போ வயசு ஒரு கோடி வருஷம், உறுதியாச் சொல்றீங்களா?

"இல்லீங்க" என்றார் அக்கா. "எண்பது லட்சத்துக்கும் ஒண்ணேகால் கோடிக்கும் நடுவுல எங்கியோ இருக்குதுங்க. காந்தம் எவ்வளவு ஆழத்துக்குப் போகுதுன்னு தெரிஞ்சா இன்னும் நெருங்கலாம். அம்பது லட்சம் இல்லைங்கறது மட்டும் உறுதிங்க."

தேர்வாளர் தலையாட்டி எதையோ எழுதினார். வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று தலைமை வகித்தவர் சடங்குக்காகக் கேட்டார். எழுந்துபோக எல்லாரும் பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பேராசிரியர் குடையை ஊன்றி எழுந்தார்.

தனக்குக் கேள்வி இல்லை, ஒரு விஷயம் பதிவாக வேண்டும் என்றார். "இந்தக் கூட்டத்துக்கு அம்பது லட்சம்னு இதுக்கு முன்னாடி ஒரு தீசிஸ் இருந்தது. அதை அஞ்சு வருஷம் வரிக்கு வரி படிச்சு, சரின்னு கையெழுத்துப் போட்டவன் நான். அந்த வெள்ளை நட்சத்திரங்களைப் பிழைன்னு ஒதுக்கச் சொன்னதும் நான்தான். அந்தப் பொண்ணு இதுவரைக்கும் யார்கிட்டயும் அதைச் சொல்லலை."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கும் அது செய்திதான். அந்த ஞாயிற்றுக்கிழமையிலும், வேனிலும், தன் தப்பு என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மேடையில் அக்கா சுட்டுக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற அந்த முகம் மெல்லக் கலங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே கடைசி வரிசைவரை நடந்துபோய், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.